தேங்காய் நண்டில் கதிரியக்கம் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆய்வகத்துக்கு வருகிறவர்கள், நான் அன்று செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கையுறை, பெயர்ச்சீட்டு பற்றி எல்லோரும் சொல்லித் தருவார்கள். நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

ஓட்டையும் சதையையும் சேர்த்து அரைப்பது

1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளின் பிகினியில் அமெரிக்கா சோதித்த 15 மெகாடன் பிராவோ ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல் ரோங்கெலாப் தீவு மக்கள் மேல் விழுந்தது. அதிலிருந்த கதிரியக்கத் தனிமங்களில் சீசியம்-137, உடலில் பொட்டாசியம் போகும் வழியே போய்ச் சதையில் சேரும். ஸ்ட்ரான்சியம்-90 கால்சியம் போகும் வழியே போய் ஓட்டில் தங்கும். நிலத்தில் வாழும் தேங்காய் நண்டு வளைக்குள் பதுங்கி ஓட்டைக் கழற்றும், பிறகு அதையே தின்னும். அதனால் ஸ்ட்ரான்சியத்தில் பெரும்பகுதி வெளியேறாமல் பழைய ஓட்டிலிருந்து புது ஓட்டுக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

முதல் வருடம் ஒரு முழு நண்டை அப்படியே அரைத்துவிட்டேன். கனமான ஓடு கலந்ததால் சதையின் சீசியம் குறைவாகத் தெரிந்தது. ஓட்டிலிருந்த ஸ்ட்ரான்சியமோ சதையில் இருப்பதுபோல் கணக்கில் ஏறியது. தீவு மக்கள் சாப்பிடுவது சதையையும் வயிற்றுக் கொழுப்பையும்தான், ஓட்டை அல்ல. அவர்களுக்குச் சொல்லவேண்டிய எண் இரண்டு பக்கமும் பிழை. அரைத்த மாவைப் பிரிக்க வழியே இல்லை. அந்த நண்டு வளரப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. போன மாதம் ஒரு தம்பி முழு நண்டோடு மிக்ஸி பக்கம் போனபோது ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

முதலில் ஓடு, சதை, கொழுப்பு என்று பிரியுங்கள். நண்டு ஓடு கழற்றி எவ்வளவு நாளாயிற்று என்பதற்குத் தடயம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஈர எடை குறிக்காமல் உலர்த்துவது

கூடவே கூடாது.

காமா கருவியில் ஸ்ட்ரான்சியத்தைத் தேடுவது

காமா கதிர்களை அளக்கும் கருவியில் சீசியத்தை 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் தெரியும் கோடு காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரான்சியம்-90 பீட்டா கதிர் மட்டுமே வெளியிடும்; காமா கருவிக்கு அது தெரியாது. அதை வேதிமுறையில் பிரித்து, அது சிதைந்து உண்டாகும் யிட்ரியம்-90 வளர இரண்டு வாரம் போல விட்டு அளக்க வேண்டும். காமா கருவியை மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதுவது பெரும் அநியாயம்.

கடல் நண்டை வைத்து ஊகிப்பது

கடல்நீரில் பொட்டாசியம் தாராளம்; சீசியம் உயிர்களுக்குள் அவ்வளவாக ஏறாது. பவளத்தீவு மண்ணிலோ பொட்டாசியமும் களிமண்ணும் மிகக் குறைவு. அதனால் தென்னை சீசியத்தை உறிஞ்சும், நண்டு அந்தத் தேங்காயைத் தின்னும். 1978-ல் பிகினிக்குத் திரும்பியிருந்த மக்களை மறுபடி வெளியேற்ற வைத்ததும் தேங்காய் போன்ற நிலத்து உணவில் வந்த சீசியம்தான்.

தேதி இல்லாத எண்

சீசியம்-137-ன் அரை ஆயுள் 30 ஆண்டு. எந்த நாளுக்கான அளவு என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.