பராமரிப்புச் சுமை குறைந்த வீட்டுத் தோட்டத்தைத் திட்டமிடுதல்

வீட்டுத் தோட்டம் போட நினைப்பவர் பெரும்பாலும் முதலில் இடத்தை அளக்கிறார். வாரத்தில் எத்தனை மணி நேரம் அதற்கென ஒதுக்க முடியும் என்பதை முதலில் கணக்கிட்டால், பாத்தியின் அளவு தானாகவே சுருங்கிவிடும்.

நீரையே எடுத்துக்கொள்வோம். மழையில்லாத வாரத்தில் காய்கறிப் பாத்திக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீர் தேவை என்பது பரவலாகக் கையாளப்படும் தோராயக் கணக்கு. 10 சதுர மீட்டர் பாத்திக்கு அது 250 லிட்டர். அதாவது 10 லிட்டர் பூவாளியுடன் 25 நடை. ஆகவே பாத்தி குழாய்க்கு அருகில் இருக்க வேண்டும், அல்லது சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட வேண்டும். அப்படிப் போடும்போது, கீரையையும் கற்றாழையையும் ஒரே வரிசையில் வைத்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் பாழாகும் என்பதால், ஒரே அளவு நீர் கேட்கும் செடிகளைச் சேர்த்தே நட வேண்டும். சிறு தொட்டிகளின் வரிசை பார்வைக்கு அழகுதான். ஆனால் அவற்றின் மண் விரைவில் காய்ந்துவிடும். பத்துச் சிறு தொட்டிகளைவிட இரண்டு பெரிய தொட்டிகளே மேல்.

இரு பக்கமிருந்தும் கைக்கு எட்டும்படி, பாத்தியின் அகலம் 1.2 மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். உள்ளே கால் வைக்காவிட்டால் மண் இறுகாது, அடிக்கடி கொத்திவிடும் வேலையும் மிச்சமாகும்.

உழைப்பை மிக அதிகமாகக் குறைப்பது மூடாக்கு. உலர்ந்த இலையோ வைக்கோலோ 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மண்ணை மூடினால், ஈரம் ஆவியாவது குறையும். வெளிச்சம் எட்டாததால் பெரும்பாலான களை விதைகள் முளைப்பதில்லை. முதலில் களை எடுத்து, நன்றாக நீர் பாய்ச்சி, அதன் பிறகே மூட வேண்டும். தண்டைச் சுற்றி மூன்று விரற்கடை இடம் விடாவிட்டால் அடித்தண்டு அழுகக்கூடும். விதை பிடித்த புல்லை மூடாக்காகப் போடுவது நாமே களையை விதைப்பதாகும். 10 சதுர மீட்டரை 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மூட 500 லிட்டர் அளவு சருகு வேண்டியிருக்கும் என்பதால், நடுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அதைச் சேர்த்து வருவது நல்லது.

எஞ்சும் களைகளைப் பூப்பதற்கு முன், வெயில் நாளின் காலையில், மண்ணின் மேற்பரப்பை ஒட்டி அறுத்துவிட்டால் அவை அன்றே வாடிவிடும். ஆழமாகக் கொத்தினால், புதைந்து கிடக்கும் விதைகள் மேலே வந்து மீண்டும் முளைக்கும்.

அன்றாடம் பத்து நிமிடம் கத்தரிக்கோலுடன் சுற்றிவந்து, இலைகளின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தால் அசுவினி போன்ற பூச்சிகள் பரவும் முன்பே கண்ணில் படும். எவ்வளவு கவனித்தும் ஆண்டுதோறும் நோயுறும் செடியைப் பிடிவாதமாகக் காப்பாற்ற வேண்டியதில்லை. பிடுங்கி அப்புறப்படுத்தி, அடுத்த நடவு வரை அந்த இடத்தையும் சருகால் மூடி வைக்கலாம்.