எஸ்ஸெக்ஸ் கப்பலின் வழியை மாணவர்களை வரையவைப்பது எப்படி?

அட்சரேகையும் தீர்க்கரேகையும் கற்பிக்க எனக்கு ஒரே ஒரு பயணம் போதும். 1819 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலிருந்து திமிங்கில வேட்டைக்குக் கிளம்பிய எஸ்ஸெக்ஸ் கப்பலின் பயணம் அது. பத்துக் கப்பல்களின் வழிகளை வண்ண வண்ணமாக வரையவைத்தால் சுவரில் ஒட்ட அழகாக இருக்கும். மாணவர் மனதில் எதுவும் ஒட்டாது.

முதலில் சரியான வரைபடம். பசிபிக் பெருங்கடல் இரண்டு ஓரங்களிலும் வெட்டுப்பட்ட உலகப்படம் உதவாது. பசிபிக் நடுவில் வருவதாக, ஐந்து பாகைக்கு ஒரு கோடு உள்ளதாகத் தேடுங்கள். பென்சில், ரப்பர், அளவுகோல், டிவைடர் போதும். பேனாவை நான் அனுமதிப்பதில்லை.

கிளம்பிய இடத்தை முதலில் குறிக்கட்டும்: வடக்கு 41°17′, மேற்கு 70°06′. அடுத்து, தென் அமெரிக்காவின் அடிமுனையான ஹார்ன் முனை: தெற்கு 55°59′, மேற்கு 67°17′. பிறகு, பெரிய ஆமைகளைப் பிடித்து ஏற்றிக்கொண்ட கலாபகஸ் தீவுகள். அவற்றில் சார்லஸ் தீவைக் குறித்தால் போதும்: தெற்கு 1°17′, மேற்கு 90°26′.

அதற்கடுத்த புள்ளியில் அவசரப்படாதீர்கள். 1820 நவம்பர் 20 அன்று ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் மோதிக் கப்பலை உடைத்தது. முதல் துணை அதிகாரி ஓவன் சேஸ் தந்த இடம் தெற்கு 0°40′, மேற்கு 119°. வகுப்பில் பாதிப் பேர் 40 நிமிடத்தை 0.4 பாகை என்று எண்ணி, பாதிப் பாகைக்கும் கீழே குறிப்பார்கள். ஒரு பாகைக்கு 60 நிமிடம். 40 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. இதைப் பலகையில் எழுதி விளக்குவதைவிட, பக்கத்து மாணவனின் புள்ளியோடு ஒப்பிடச் சொன்னால் அவர்களே சண்டைபோட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

இப்போது டிவைடரை எடுங்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். எனவே தூரத்தை வரைபடத்தின் பக்கவாட்டு அளவில்தான் அளக்க வேண்டும், மேலோரத்து அளவில் கூடாது. மூன்று படகுகளில் இருந்த 20 பேருக்கு மேற்கே உள்ள மார்க்கசஸ் தீவுகள் எவ்வளவு தூரம்? சுமார் 1,300 கடல் மைல். நேர் கிழக்கே தென் அமெரிக்கக் கரை? 2,200க்கும் மேல். கேப்டன் ஜார்ஜ் பொல்லார்ட் மேற்கே உள்ள தீவுகளுக்குப் போகலாம் என்றார். அங்கே நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்று மற்றவர்கள் அஞ்சியதால், தென் அமெரிக்காவுக்கே போவது என்று முடிவானது. ஆனால் அவர்கள் ஏன் நேராகக் கிழக்கே போகாமல் தெற்கே இறங்கினார்கள் என்று யாராவது கேட்பார்கள். கேட்கும்வரை காத்திருங்கள். தென்கிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும் கடலில் அந்தச் சிறு பாய்மரப் படகுகள் கிழக்கே ஏற முடியாது. அதைக் கடந்து தெற்கே போய்த்தான் திரும்ப வேண்டும். (கடைசியில் மனித மாமிசம் தின்றவர்கள் இவர்கள்தான். சிறு வகுப்புகளில் இதை நான் சொல்வதில்லை.)

டிசம்பர் 20 அன்று ஒரு தீவில் இறங்கினார்கள். அது டூசி என்று நினைத்தார்கள்: தெற்கு 24°40′, மேற்கு 124°47′. உண்மையில் அது ஹெண்டர்சன்: தெற்கு 24°22′, மேற்கு 128°19′. இரண்டையும் குறிக்கச் சொல்லி, அட்சரேகையில் எத்தனை நிமிட வேறுபாடு, தீர்க்கரேகையில் எத்தனை என்று கணக்கிடச் சொல்லுங்கள். முன்னது வெறும் 18. பின்னது 212, ஏறக்குறைய 200 கடல் மைல். இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நண்பகலில் சூரியனின் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும். தீர்க்கரேகைக்கு நேரம் தெரிய வேண்டும்: கடிகாரம் 4 நிமிடம் பிசகினால் ஒரு பாகை பிசகும். படகுகளில் அப்படிப்பட்ட கடிகாரம் இல்லை; வேகத்தை அளக்கும் கயிறும் இல்லாததால் தீர்க்கரேகைக் கணக்கையே கைவிட்டார்கள். ஆகவே இங்கிருந்து அவர்கள் மீட்கப்படும் இடம்வரை புள்ளிகளை நிறுத்திவிட்டு, கிழக்கு மேற்காக நீண்ட ஒரு கோட்டை வரையச் சொல்கிறேன்: எவ்வளவு சந்தேகமோ அவ்வளவு நீளம். சந்தேகத்தை வரையத் தெரிந்த மாணவனுக்கே முழு மதிப்பெண்.

அந்தப் பிசகுக்கு விலை இருந்தது. மூவர் தீவிலேயே தங்கிவிட்டார்கள். 1821இல் அவர்களை மீட்கச் சென்ற சர்ரி கப்பல், படகுகளில் போய்ப் பிழைத்தவர்கள் சொன்னபடி டூசியில் தேடியது, ஒருவரும் இல்லை. பிறகு ஹெண்டர்சனுக்குப் போய்த்தான் அவர்களைக் கண்டது. சேஸின் படகை பிப்ரவரி 18 அன்று இந்தியன் என்ற கப்பல் மீட்ட இடம் தெற்கு 33°45′, மேற்கு 81°03′. இதைக் குறித்தால் வழி முடிந்தது. பிழைத்தவர் மொத்தம் எட்டுப் பேர்.

வேகமாக முடிப்பவர்களுக்கு சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலைக் கொடுங்கள். 1841 முதல் 1921 வரை 37 பயணங்கள் போனது. இத்தகைய கப்பல்களின் நாட்குறிப்புகளில் பிடித்த திமிங்கிலத்துக்கு முழு உருவ முத்திரையும், தப்பியதற்கு வால் முத்திரையும் இருக்கும். மாணவர்கள் தங்கள் வரைபடத்திலும் அப்படியே இடட்டும். வழி 180 பாகைக் கோட்டைத் தாண்டும்போது மேற்கு கிழக்காக மாறும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கப்பலை ஆப்பிரிக்காவின் குறுக்கே ஓட்டிவிடுவார்கள்.