சின்ன விமானம், நீண்ட பயணம்: எரிபொருள் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுவில் ஒரே நடைபாதை கொண்ட, நீண்ட தூரம் பறக்கும் சின்ன விமானமான ஏ321 எல்ஆர் 4,000 கடல் மைல் பறக்கும் என்கிறது அதைத் தயாரிக்கும் ஏர்பஸ். அதை நம்பி வழித்தடம் போட்டால் குளிர்காலத்தில் மாட்டிக்கொள்வோம். அந்த எண் காற்றே இல்லாத வானத்துக்கானது. 2011 டிசம்பரில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்ற, இதேபோல் ஒரே நடைபாதை கொண்ட போயிங் 757 விமானங்கள் பல, கடும் எதிர்காற்றால் கனடாவில் எரிபொருளுக்காக இறங்கின. இப்படிப்பட்ட சின்ன விமானங்களில் எரிபொருளைக் கூடுதலாக நிரப்பவும் எளிதில் வழியில்லை. புறப்பாட்டு எடை உச்சவரம்பைத் தொட்டுவிட்டால், பயணிகளையோ பெட்டிகளையோதான் குறைக்க வேண்டும்.

பெரிய சறுக்கல் மாற்று விமான நிலைய விஷயத்தில்தான், அதாவது போகும் ஊரில் இறங்க முடியாவிட்டால் எங்கே போவது என்பதில்தான் என்பேன். எரிபொருள் மிச்சமாகும் என்று பக்கத்து ஊரைப் போடுகிறார்கள். ஜனவரியில் டெல்லியை மூடும் பனி லக்னோவையும் அமிர்தசரஸையும் விட்டுவைக்குமா? தூரத்தைவிட, அங்கே வேறு வானிலை நிலவுமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

தூரத்து ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் கோட்டைவிடலாம். 2015 ஆகஸ்டில் தோஹாவிலிருந்து கொச்சி வந்த போயிங் 737-க்குத் திட்டப்படி மாற்று பெங்களூரு. மோசமான பார்வைத் தூரத்தில் கொச்சியில் மூன்று முறை முயன்று பார்த்தார்கள். அதற்குள் பெங்களூரு போகப் போதுமான எரிபொருள் இல்லை. அருகிலிருக்கிறதே என்று திருவனந்தபுரம் போனால் அங்கேயும் அதே கதை. ஒருவழியாகத் தரையிறங்கியபோது மிச்சம் சுமார் 350 கிலோ. அரை மணி நேரம் வட்டமடிக்கத் தொடாமல் வைத்திருக்க வேண்டிய இறுதி இருப்பே ஒரு டன்னுக்கு மேல்! ‘இத்தனை கிலோவுக்குக் கீழே வந்தால் பெங்களூருக்குத் திரும்பிவிடுவோம்’ என்ற எண்ணை இறங்கத் தொடங்கும் முன்பே இரு விமானிகளும் பேசி முடித்திருக்க வேண்டும். இன்னொரு முறை முயன்று பார்க்கலாமே என்ற ஆசையை அந்த எண்தான் தடுக்கும்.

கடல் கடக்கும் வழிகளில், ஒரு என்ஜின் நின்றால் என்ற கணக்கோடு நிறுத்திவிடக் கூடாது. கேபின் அழுத்தம் போனால் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். அந்த உயரத்தில் எரிபொருள் செலவு எகிறும். நடுவழி மாற்று நிலையம் அந்நேரத்தில் திறந்திருக்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

‘மினிமம் ஃப்யூயல்’ (எரிபொருள் குறைந்தபட்ச அளவுக்கு வந்துவிட்டது) என்று வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் அறிவித்தால் முன்னுரிமை கிடைத்துவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. அது நிலவரத்தைச் சொல்வது மட்டுமே. இறங்கும்போது இறுதி இருப்பில் கைவைத்திருப்போம் என்று கணக்கு காட்டினால் ‘மேடே, மேடே, மேடே ஃப்யூயல்’ என்று அவசரநிலையை அறிவிக்க வேண்டும்.