பிக்கப்பில் ‘டிக் டிக்’ சத்தம்: கிராஸ் மாற்றிய அனுபவம்

காய்கறி ஏற்றும் என் பிக்கப்பின் அடியில், ஓடும்போது ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் சத்தமும் நெருக்கமாகும். நியூட்ரலில் உருளவிட்டுப் பார்த்தேன், அப்போதும் வந்தது. ஆக, எஞ்சின் இல்லை. டயர் இடுக்கில் கல் இல்லை, வீல் நட்டும் இறுக்கம். ரிவர்ஸில் கிளட்சை விடும்போது ‘டக்’கென்று ஒரு அடி விழ, சந்தேகம் கிராஸ் மேல் போனது. கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில், கூட்டல் குறி வடிவில் இருக்கும் மூட்டுதான் கிராஸ்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரல் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு அடியில் படுத்தேன். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்க, பின்பக்க கிராஸ் லொடலொடவென்று ஆடியது. கிராஸின் முனைகளில் மூடி மாதிரி இருக்கும் கப்பைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி துரு. கிரீஸ் வற்றி, கப்புக்குள் ஊசி ஊசியாக இருக்கும் மெல்லிய உருளைகள் (ஊசி பேரிங்) தேய்ந்தால் இப்படித்தான்.

கழற்றும் முன் ஷாஃப்ட்டிலும் அது போல்ட்டில் பூட்டும் தட்டான ஃபிளாஞ்சிலும் நேராகக் கோடு போட்டுக்கொண்டேன். மாற்றிப் பூட்டினால் அதிர்வு வரலாம். கப்பை நகராமல் பிடிக்கும் கிளிப்பான சர்க்கிளிப்பை எடுத்து, பழையதை வைஸில் அழுத்தி வெளியேற்றினேன். புதியதைப் போடும்போதுதான் பொறுமை வேண்டும்: கப்புக்குள் ஒரு ஊசி சாய்ந்தாலும் கிளிப் காடியில் உட்காராது. சுத்தியலால் அடித்து உட்கார வைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பேரிங் அன்றே போச்சு. கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளை கிரீஸ் கன் எட்டும் பக்கமாக வைத்து, கப் ஓரத்தில் பிதுங்கும் வரை கிரீஸ் அடித்தேன். அப்புறம் லோடோடு ஓட்டியும் சத்தம் இல்லை.