பாடசாலை பூட்டியிருக்கும்போது புள்ளி போடுவது எப்படி?

நான்கு ஒப்படைகள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. ஒரு பிள்ளை இரண்டைச் செய்து 18, 20 எடுத்திருக்கிறாள். மற்ற இரண்டும் வட்ஸ்அப்பில் போனவை. வீட்டிலுள்ள ஒரே ஃபோன் பகல் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில், அம்மாவின் கையில். விடுபட்டதற்குப் பூச்சியம் போட்டால் நூற்றுக்கு 38, ‘எஸ்’ என்ற சாதாரண சித்தி. செய்ததை மட்டும் எடுத்தால் ஐம்பதுக்கு 38, அதாவது 76, ‘ஏ’ சித்தி. பிள்ளை ஒருத்திதான்.

அதனால் பதிவேட்டில் மூன்று குறிகள் வேண்டும்: செய்தார், கிடைத்தும் செய்யவில்லை, கிடைக்கவே இல்லை. மூன்றாவதை வெறுமையாக விட்டு, பிள்ளைக்குக் கிடைத்த ஒப்படைகளின் முழுப் புள்ளியால் வகுங்கள். கையில் ஒரே ஒரு வேலைதான் இருக்கிறதென்றால் புள்ளி போட அவசரப்பட வேண்டாம். இன்னொன்றைக் கடதாசியில் கொடுத்து வாங்குங்கள். பிள்ளைக்காம்பராவிலோ (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கடையிலோ ஒரு பெட்டி வைத்தால் போதும்.

எதைக் கணிப்பது? ஆசிரியர் வழிகாட்டியிலுள்ள தேர்ச்சி மட்டங்களில் உண்மையாகவே கற்பித்தவற்றை மட்டும். வினாத்தாள் அடிக்குமுன் புள்ளித்திட்டத்தை எழுதிவிடுங்கள். விடைகளைப் பார்த்த பிறகு எழுதும் திட்டம் கெட்டிக்காரப் பிள்ளையின் விடைக்கே சாய்ந்துவிடும்.

படமாக வரும் விடைகளில் பாதிப் பிரச்சினை வெளிச்சம்தான். லயத்து அறை இருட்டு, பென்சில் எழுத்து மங்கல், வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். பேனையால் எழுதி, பகலில் வாசற்படியில் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். வாசிக்க முடியாத படத்தைத் திருப்பிக் கேளுங்கள். பிழை என்று வெட்டாதீர்கள்.

அண்ணன் செய்து கொடுத்ததோ என்று சந்தேகமா? விசாரணை வேண்டாம், ஐந்து நிமிட அழைப்பு போதும். 20,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 12% எளிய வட்டியில் இரண்டு வருடத்துக்கு 4,800 என்று எழுதியிருந்தால், “பதினெட்டு மாதமென்றால் எவ்வளவு?” என்று கேளுங்கள். 3,600 வரும் வழியைச் சொல்கிற பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். இதைச் சந்தேகப்பட்டவர்களிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும் கேட்பதுதான் நியாயம்.

பெயரை மறைத்துச் சுட்டெண்ணோடு ஐந்து விடைத்தாள்களை இன்னொரு ஆசிரியரிடம் கொடுங்கள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் உட்கார்ந்து புள்ளித்திட்டத்தைப் பேசிச் சரிசெய்துவிட்டு மீதி விடைத்தாள்களைத் திருத்துங்கள். தெளிவான கையெழுத்தும் “அந்தக் குடும்பத்துப் பிள்ளை” என்ற நினைப்பும் எவ்வளவு புள்ளி இழுக்கின்றன என்பது அங்கேதான் தெரியும்.

“நம்ம பாடசாலைக்கு இவ்வளவுதான் வரும்” என்று பழைய பெறுபேற்றைப் பார்த்துப் புள்ளியை இறக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2020இல் அதைத்தான் ஒரு கணிப்பு முறை செய்தது: ஆசிரியர் கொடுத்த தரங்களைப் பாடசாலையின் முந்தைய பெறுபேறுகளுக்கு ஏற்ப மாற்றியது. எதிர்ப்புக் கிளம்பவே ஓகஸ்டில் அதைக் கைவிட்டார்கள்.

புள்ளியை அனுப்புமுன் பிள்ளைக்குக் காட்டி மூன்று நாள் கொடுங்கள். “சேர், நான் இன்னொரு தாளும் பெட்டியில் போட்டேனே” என்று ஒருத்தராவது வருவார்கள். பெட்டியின் அடியைத் தடவிப் பாருங்கள்.