மின்சுமை தெரிந்தால் வாய்பாடு வரும்: சேர்மங்களின் பெயரும் வாய்பாடும்

கோலாலம்பூரில் படிவம் 4 மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். ஒரு சேர்மத்தில் எந்த அணு எத்தனை என்று காட்டும் ‘வாய்பாடு’ என்ற பெயரைக் கேட்டதுமே பிள்ளைகள் அதைப் பெருக்கல் வாய்பாடு போல ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து வரை தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் எல்லாம் குழம்பிவிடும். உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியது வாய்பாட்டை அல்ல, அயனிகளின், அதாவது மின்சுமை ஏற்ற அணுக்களின் அல்லது அணுக்கூட்டங்களின், சுமையை மட்டுமே. இப்பதிவில் குறியீடுகளை வாயால் உச்சரிக்கும் விதத்திலேயே தமிழில் எழுதுகிறேன். விடைத்தாளில் அவற்றை ரோமன் எழுத்தில் எழுத வேண்டும்.

முதல் படி: குறியீடு

தனிமங்களை எழுத்துகளால் குறிக்கும் முறையை 1813ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் வகுத்தார். அவர் இலத்தீன் பெயர்களின் முதல் எழுத்துகளை எடுத்துக்கொண்டதால்தான், சோடியத்துக்கு ‘என்ஏ’ என்றும் இரும்புக்கு ‘எஃப்இ’ என்றும் பொருந்தாதவை போலத் தோன்றும் குறியீடுகள் வந்தன. இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. மலாய்ப் பாடநூல் சோடியத்தை நாட்ரியம் என்றும், இரும்பை ஃபெரம் என்றும், செம்பைக் குப்ரம் என்றும், வெள்ளியை அர்ஜென்டம் என்றும் அழைக்கிறது. ஆங்கிலவழியில் படிக்கும் மாணவர்களும் இந்த மலாய்ப் பெயர்களை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்தால், பாதிக் குறியீடுகள் தாமாகவே நினைவில் நிற்கும்.

குறியீட்டின் முதல் எழுத்து பெரிய எழுத்து. இரண்டாம் எழுத்து இருந்தால் அது கட்டாயம் சிறிய எழுத்து. ‘சிஓ’ என்பதில் இரண்டும் பெரிய எழுத்தானால் அது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. ‘ஓ’ சிறியதானால் கோபால்ட் என்னும் உலோகம்.

இரண்டாம் படி: மின்சுமை

சோடியம், பொட்டாசியம், வெள்ளி ஆகியவை +1, மக்னீசியம், கால்சியம், துத்தநாகம் ஆகியவை +2, அலுமினியம் +3. எதிர்ப்பக்கத்தில் குளோரைடு, புரோமைடு, அயோடைடு ஆகியவை −1. ஆக்சைடும் சல்ஃபைடும் −2. இவற்றோடு, பல அணுக்கள் சேர்ந்து ஒரே அயனியாக நடமாடும் கூட்டங்களும் உண்டு: அம்மோனியம் +1, ஹைட்ராக்சைடு −1, நைட்ரேட் −1, கார்பனேட் −2, சல்ஃபேட் −2, பாஸ்ஃபேட் −3. மனப்பாடம் இவ்வளவுதான்.

மூன்றாம் படி: வாய்பாடு எழுதுதல்

சேர்மத்துக்கு நிகர மின்சுமை கிடையாது. நேர்ச்சுமையையும் எதிர்ச்சுமையையும் கூட்டினால் சுழியம் வரவேண்டும் என்பதே ஒரே விதி. அலுமினியம் +3, ஆக்சைடு −2. இரண்டு அலுமினியம் +6 தரும்; மூன்று ஆக்சைடு −6 தரும்; ஆகவே வாய்பாடு ஏஎல்₂–ஓ₃. ஒன்றின் சுமை எண்ணை மற்றதன் காலடியில் இறக்கிவைப்பது என்று இதை வகுப்பில் சொல்வோம். கூட்டல் கழித்தல் குறிகள் கீழே இறங்குவதில்லை, எண் மட்டுமே இறங்கும். எண் 1 ஆனால் அதையும் எழுதுவதில்லை.

இறக்கிவைத்த எண்களைச் சுருக்க முடிந்தால் சுருக்க வேண்டும். இதற்கு கோலாலம்பூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இந்நகரம் எழுந்ததே ஈயச் சுரங்கத் தொழிலால்தான். இங்கே தோண்டி எடுத்த காசிட்டரைட் என்னும் தாது, ஸ்டானம்(4) ஆக்சைடு. ஸ்டானம் என்பது வெள்ளீயத்தின் மலாய்ப் பெயர்; அடைப்புக்குறிக்குள் இருப்பது அதன் சுமை. சுமைகள் +4, −2. எண்களை மாற்றி இறக்கினால் எஸ்என்₂–ஓ₄ என்று வரும். இரண்டால் வகுத்தால் எஸ்என்–ஓ₂. இதுவே சரியான விடை.

இந்த எடுத்துக்காட்டில் நானே ஒருமுறை சறுக்கினேன். கரும்பலகையில் ‘ஈய ஆக்சைடு’ என்று மட்டும் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பாதி வகுப்பு ஸ்டானத்துக்கும் மீதி வகுப்பு புளும்பம் என்னும் காரீயத்துக்கும் வாய்பாடு எழுதிக்கொண்டிருந்தது. தவறு அவர்களுடையது அன்று. பழைய ஈயச் சுரங்கக் குழியில் நீர் தேங்கிய இடத்தை ஈயக்குட்டை என்று நாம் சொல்லும்போது மனத்திலிருப்பது வெள்ளீயம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் காரீயத்தைத்தான் ஈயம் என்பார்கள். சுண்ணாம்பும் இதே கதைதான். பத்துமலைக் குன்றின் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சிஏ–சிஓ₃. அதைச் சூளையில் சுட்டால் கால்சியம் ஆக்சைடு, சிஏ–ஓ. அதில் நீர் ஊற்றி நீற்றினால் வெற்றிலையில் தடவும் கால்சியம் ஹைட்ராக்சைடு. வாய்ப்பேச்சில் மூன்றும் சுண்ணாம்பு என்பதால், வழக்குப் பெயரைப் பார்த்து வாய்பாடு எழுதாதீர்கள். அயனிகளின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த வெற்றிலைச் சுண்ணாம்பைச் சற்று நின்று பார்ப்போம். கால்சியம் +2, ஹைட்ராக்சைடு −1. ஆகவே இரண்டு ஹைட்ராக்சைடு தேவை. கூட்டமாக வரும் அயனி ஒன்றுக்கு மேற்பட்டால், அதை அடைப்புக்குறிக்குள் வைத்து எண்ணை வெளியே எழுத வேண்டும்: சிஏ(ஓஎச்)₂. அடைப்புக்குறியை விட்டுவிட்டு சிஏ–ஓஎச்₂ என்று எழுதினால் ஹைட்ரஜன் மட்டும் இரண்டாகி, ஆக்சிஜன் ஒன்றாகவே நின்றுவிடும். நான் திருத்தும் தாள்களில் மிகுதியாகக் காணும் பிழை இதுதான்.

நான்காம் படி: வாய்பாட்டிலிருந்து பெயர்

உலோகத்தின் பெயர் முன்னே, எதிர் அயனியின் பெயர் பின்னே: எம்ஜி–சிஎல்₂ என்றால் மக்னீசியம் குளோரைடு. ‘டைகுளோரைடு’ என்று சொல்ல வேண்டாம். மக்னீசியத்துக்கு ஒரே சுமைதான் என்பதால் எண்ணிக்கை தானே விளங்கிவிடும். இரும்பும் செம்பும் அப்படியல்ல. அவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுமைகள் உண்டு, ஆகவே சுமையைப் பெயரிலேயே காட்ட வேண்டும். எஃப்இ₂–ஓ₃ இல் மூன்று ஆக்சைடின் மொத்தச் சுமை −6. அதைச் சமன்செய்ய இரண்டு இரும்பும் சேர்ந்து +6 தர வேண்டும். எனவே ஒவ்வொன்றும் +3. பெயர் இரும்பு(3) ஆக்சைடு. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவது பெரும்பாலும் இதுவே. தேர்வில் அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணை உரோமன் எண்ணாக எழுத வேண்டும். அது இரும்பின் எண்ணிக்கை அன்று, சுமை என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டும் அலோகமாக இருந்தால் அயனிக் கணக்கு செல்லாது. அங்கேதான் மோனோ, டை, டிரை, டெட்ரா என்னும் எண் முன்னொட்டுகள் வருகின்றன. என்₂–ஓ₄ என்பது டைநைட்ரஜன் டெட்ராக்சைடு. முதல் தனிமம் ஒன்றே ஒன்றானால் அதற்கு ‘மோனோ’ சேர்ப்பதில்லை. அதனால்தான் சிஓ₂ கார்பன் டையாக்சைடு ஆகிறது.

இப்போது தாளை எடுத்து, தோட்டங்களில் உரமாகப் போடும் அம்மோனியம் சல்ஃபேட்டுக்கும் இரும்பு(3) சல்ஃபேட்டுக்கும் வாய்பாடு எழுதிப் பாருங்கள். முதலாவதில் அடைப்புக்குறி முன்னே வர வேண்டும்: (என்எச்₄)₂–எஸ்ஓ₄. இரண்டாவதில் பின்னே: எஃப்இ₂(எஸ்ஓ₄)₃. உங்கள் விடை வேறாக இருந்தால், முதலில் சுமைகளைக் கூட்டிப் பாருங்கள். சுழியம் வராத இடத்தில்தான் பிழை இருக்கும்.