லெவோடோபா மாத்திரை: எப்போது, எதோடு, எதோடு கூடாது

பார்கின்சன் நோயாளி இருக்கும் வீட்டில் மாத்திரையின் அளவைப் பார்க்கிற அக்கறையில் பாதிகூட நேரத்துக்குக் கிடைப்பதில்லை. "மருந்து வேலையே செய்யலை" என்கிற முடிவுக்கு வருமுன், அது மூளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

1957-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். நம் சர்ப்பகந்தா வேரில் இருக்கும் அதே பொருள்தான். முயல்கள் அசைவற்றுச் சுருண்டன. எல்-டோபா (லெவோடோபாவின் இன்னொரு பெயர்) ஊசி போட்டதும் எழுந்து நடமாடின. மூளையில் தீர்ந்துபோன டோபமின் (உடல் அசைவுக்கு வேண்டிய, பார்கின்சன் நோயில் குறைந்துபோகும் ரசாயனம்) திரும்ப ஊறியதுதான் காரணம். இந்த ஆய்வுகளுக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டோபமினை நேரடியாகக் கொடுத்தால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டாது, எல்-டோபா தாண்டும். ஆனால் அது தானாக நுழைவதில்லை. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் ஏறும் அதே வண்டியில்தான் ஏற வேண்டும். வண்டியில் கூட்டம் என்றால் மாத்திரைக்கு இடமில்லை.

அதனால் சாப்பாட்டுக்கு 30 முதல் 45 நிமிடம் முன்பாக, ஒரு தம்ளர் தண்ணீரோடு கொடுங்கள். சாப்பிட்டுவிட்டார் என்றால் ஒரு மணி நேரமாவது போகட்டும். பாலோடு மாத்திரை கொடுப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். இந்த மாத்திரைக்கு அது ஆகவே ஆகாது. காலை 7 மணிக்கு மாத்திரை என்றால் இட்லி 7.45-க்கு. மதியம் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பருப்பு, முட்டை, மீன், சுண்டலை இரவுக்குத் தள்ளிப் பாருங்கள். புரதத்தை அடியோடு குறைத்துவிடாதீர்கள், உடம்பு இளைத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலச்சிக்கலும் மருந்தைத் தாமதப்படுத்தும், அதையும் கவனியுங்கள்.

மாத்திரை அட்டையில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 110 என்றால் பெரும்பாலும் 100 மி.கி. லெவோடோபா, 10 மி.கி. கார்பிடோபா. 125 என்றால் 100-உம் 25-உம். லெவோடோபா மூளைக்கு வெளியிலேயே டோபமினாக மாறி வீணாவதைத் தடுப்பது கார்பிடோபாவின் வேலை. அந்த வேலைக்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா தேவை. 110 மூன்று வேளை போட்டால் கிடைப்பது 30 மி.கி.தான், 125 என்றால் 75. ஆரம்பத்தில் குமட்டல் தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கார்பிடோபா போதுமான அளவு கிடைக்கிறதா? அதுவரை மாத்திரையோடு ஒன்றிரண்டு ரொட்டித் துண்டு கொடுக்கலாம்.

குமட்டலுக்கு மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கு சின்னாரிசின் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். இரண்டுமே மூளையில் டோபமின் உட்காரும் இடத்தை அடைத்து, நோயையே கூட்டிவிடும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் முதலில் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தம்: படுக்கையில் ஒருமுறை, நின்று 3 நிமிடம் கழித்து இன்னொருமுறை.

டாக்டரைப் பார்க்கப் போகுமுன் மூன்று நாள் குறிப்பெடுங்கள். நோட்டில் அரை மணிக்கு ஒரு கோடு. மாத்திரை போட்ட நேரத்தில் "மா", சாப்பிட்ட நேரத்தில் "சா", நன்றாக நடக்கும்போது "ந", இறுகிக் கிடக்கும்போது "இ", உடம்பு தானாக நெளியும்போது "நெ". அடுத்த வேளைக்கு அரை மணி முன்பே தினமும் "இ" விழுந்தால் மருந்து முன்கூட்டியே தீர்கிறது என்று பொருள். சாப்பிட்ட பிறகு மட்டும் விழுந்தால் உணவைச் சந்தேகியுங்கள். இது புரியாமல் அளவைக் கூட்டினால் நெளிவுதான் கூடும்.

மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். சிறுநீர், வியர்வை கருத்தால் பயப்பட வேண்டாம். ஆபரேஷன், காய்ச்சல் என்று எதற்காக அட்மிட் ஆனாலும், மாத்திரை நேரத்தை நர்ஸிடம் எழுதிக் கொடுங்கள். திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பூனைக்காலி விதையிலும் எல்-டோபா உண்டு. ஆனால் சூரணத்துக்குச் சூரணம் அளவு மாறும், கார்பிடோபாவும் இருக்காது. ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறார் என்றால் டப்பாவையே எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.